கண்டக்டர் கொஞ்சம் பொறுக்கட்டும்

குடை விரிந்துவிட்டது. மூடத்தான் மறுத்தது.

விரித்த குடையோடு ஒரு கடைக்குள் நுழைய வேண்டியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அவள் பக்கவாட்டில் திரும்பி, பிளாஸ்டிக் வாளிகளை இடித்துத் தள்ளி, ஒரு வழியாகக் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் குடையிலிருந்து தனியாக ஒரு மழை சொட்டிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் தரையைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், கடைசியாக இவளைப் பார்த்தாள்.

"இந்தக் குடையை இன்னிக்குக் காலையிலதான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"வாங்கினாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

அவள் திரும்பவில்லை. "ஆனா இப்ப அதை..."

"மாத்தணும்."

"மாத்த வேணாம். நான் கேக்கறது..."

"பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான் அவங்க கேக்கறாங்க."

இப்போது திரும்பினாள். கையில் ஒரு பேட்டரி பாக்கெட்டோடு வரிசையில் நின்றிருந்தான் அவன். நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி. கண்கள் மட்டும் விசித்திரம். எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த தெருவரை போய்த் திரும்பிவிட்ட மாதிரி ஒரு துறுதுறுப்பு... அந்தக் கோபத்திலும் அவள் அதைக் கவனித்துவிட்டாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே இன்னொரு கோபம் வந்தது.

"நான் மூடிக் குடுங்கன்னு கேக்க வந்தேன்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "மூடிக் குடுத்தா போதும். மாத்தவும் வேணாம், பணமும் வேணாம். இதை நானே சொல்லியிருப்பேன். எனக்கு வாய் இருக்கு."

"ஓ... மூடணுமா? அவ்வளவுதானே."

அவள் சரி என்பதற்குள் குடையை வாங்கிவிட்டான். பிடியை முழங்காலில் வைத்து ஒரு அழுத்து. மளுக்கென்று ஒரு சத்தம். குடை மூடியது. கூடவே அதிலிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் முகத்தில் அடித்தது. ஒரு கம்பி உடைந்து கொக்கி மாதிரி வெளியே தொங்கியது.

"உதவி பண்ணலாம்னு..." என்றான் அவன்.

"கேட்டேனா?"

பதிலுக்கு நிற்கவில்லை. முகத்தைக் கூடத் துடைக்காமல் மழையில் இறங்கி நடந்தாள். பாதித் தெரு போன பிறகுதான் குடையை அவன் கையிலேயே விட்டு வந்தது உறைத்தது. திரும்பிப் போவதை விட நனைவதே மேல் என்று தோன்றியது. நனைந்தாள்.

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஊரின் ஓரத்தில் இருந்த சிகிச்சை மையத்தின் ஒரே ஸ்பீச் தெரபிஸ்ட். எதிரே இருப்பவருக்குச் சொல் தெரியும், பொருள் தெரியும், ஆனால் அது நாக்குக்கு வந்து சேராது. அது வரும்வரை காத்திருக்க வேண்டும். உதட்டைப் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டாமல், பெருமூச்சு விடாமல் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்கப் பொறுமையைச் செலவழித்துவிட்டு வெளியே வருகிறவளிடம் ஊருக்குக் கொடுக்க ஒரு துளிகூட மிச்சம் இருக்காது. அதனால்தான் மையத்தில் எல்லோரும் அவளுக்குச் 'சுடுதண்ணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நோயாளிகளிடம் அவள் ஒருநாளும் கொதித்ததில்லை. மற்றவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

மறுநாள் காலை மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் அவள் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"இவர்தான் நம்ம கண்டக்டரை உருவாக்கினவர்," என்றார் மேனேஜர். அவர் குரல் எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும். கெட்ட செய்தி சொல்லும்போது இன்னும் மெத்தென்று ஆகும். "நம்ம டிரைவிங் அக்காவோட தம்பி."

கண்டக்டர் என்பது போன வாரம் மையத்துக்கு வந்த ஒரு கதை விளையாட்டில் வரும் குரல். டேப்லெட்டில் ஒரு மலைப்பாதை தெரியும். புயல் மழையில் ஒரு பஸ். விளையாடுகிறவர்தான் டிரைவர். ஒவ்வொரு வளைவிலும் என்ன செய்யலாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி கதை போகும். பக்கத்தில் நின்று வழிகாட்டும் கண்டக்டர் செயற்கை நுண்ணறிவு. யாரும் எழுதிக் கொடுத்த வசனத்தை அது ஒப்பிப்பதில்லை. ஆளைப் பார்த்து, அவர் சொன்ன அரைகுறைச் சொல்லைப் புரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி தானே பேசும்.

டிரைவிங் அக்கா அவளிடம் பயிற்சிக்கு வருகிறவள். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். அவள் திட்டுக்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் ஒழுங்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வலது கை விழுந்தது. கூடவே பேச்சும்.

"வா, அவங்க விளையாடுறதைப் பாரு," என்றார் மேனேஜர்.

பயிற்சி அறையில் அக்கா டேப்லெட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அக்காவின் உதடு குவிந்தது. தொண்டை அசைந்தது. உள்ளே ஏதோ ஒன்று கிளம்பி மேலே ஏறி வந்துகொண்டிருப்பது இவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

"வலது பக்கம்னு சொல்ல வர்றீங்க, சரிதானே டிரைவர் அக்கா?" என்றது கண்டக்டர், தேன் ஒழுக.

அக்காவின் உதடு தளர்ந்தது. தலையை ஆட்டினாள். பஸ் வலது பக்கம் திரும்பியது.

அடுத்த வளைவிலும் அதேதான். பாலத்திலும் அதேதான். கடைசியில் பஸ் பத்திரமாக ஊர் சேர்ந்தது. பயணிகள் கை தட்டினார்கள். மேனேஜரும் தட்டினார்.

"பாத்தியா? முழுசா முடிச்சுட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து ஸ்பீச் வகுப்பைப் பாதியாக் குறைச்சுக்கலாம்னு இருக்கோம். மீதியைக் கண்டக்டர் பார்த்துக்கும்."

அவள் காது சுட்டது. "சார், இப்ப அக்கா என்ன பேசினாங்க?"

"என்ன..."

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசினாங்களா?"

அக்கா இடது கையால் தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் அவளைத் தாழ்வாரத்துக்கு வரச்சொல்லிச் சைகை காட்டினான். தண்ணீர் பில்டர் பக்கத்தில் நின்றார்கள்.

"குடை விஷயத்துல கோபம்னா அதை இங்க..."

"குடையை விடுங்க," என்றாள். "அவங்க வாயிலேருந்து ஒரு சொல் வர நேரம் ஆகும். அந்த நேரத்துலதான் உள்ள வேலையே நடக்குது. உங்க கண்டக்டர் அந்த நேரத்தைத் திருடுது."

"திருடுதா?" அவன் குரல் உயர்ந்தது. "தண்ணின்னு ஒரு சொல் வராம முகமெல்லாம் சிவந்து, கண்ணு கலங்கி... அதைப் பார்த்துக்கிட்டு நான் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"ஆமா. உக்காந்திருக்கணும்."

"உங்களுக்கு அது வேலை. எனக்கு அது அக்கா."

அந்தச் சொல் அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியது. ஆனால் வாய் நிற்கவில்லை. "உங்களால பார்க்க முடியலைங்கறதுக்காக அவங்க வாழ்நாள் பூரா தலையை ஆட்டிக்கிட்டு இருக்கணுமா?"

அவன் கண்களில் இருந்த துறுதுறுப்பு அணைந்தது. நிதானமாகச் சொன்னான். "உங்களுக்கு வேலை குறையுதுன்னு பயம். அதை எங்க அக்கா மேல போட்டு மூடாதீங்க."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. மேனேஜர் 'பாதியாகக் குறைக்கலாம்' என்றபோது முதலில் அவள் மனதில் வந்தது அக்கா இல்லையே... தன் சம்பளமும் வீட்டு வாடகையும்தானே வந்தது. அது அவனுக்கு எப்படித் தெரிந்தது? அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைக்கிறவன், எப்போதாவது சரியாகவும் முடித்துவிடுகிறான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நேராக மேனேஜரிடம் போனாள். அக்காவுக்குக் கண்டக்டர் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அதை அப்படியே அவனிடம் காட்டினார். அன்று மத்தியானமே அவன் அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறானாம். கைத்தடியை ஊன்றி வாசல்வரை போன அக்கா, திரும்பி இவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை.

அதற்கப்புறம் இவள் வாயில் அவனைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு மேசையில் அவனைத் திட்டினாள். கை கழுவும்போது திட்டினாள். பிசியோதெரபி பார்க்கும் தோழி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"நீ அவரைத் திட்டுற அளவுக்கு நான் எங்க வீட்டுக்காரரைப் பத்திக்கூடப் பேசினதில்ல," என்றாள்.

"அவனை மாதிரி ஒரு அவசரக்காரனை..."

"நேத்து அவர் கண்ணைப் பத்திச் சொல்லித் திட்டினே. கண்ணுல என்னடி தப்பு?"

"அது ஒரு இடத்துல நிக்காது."

"அவ்வளவு தூரம் பார்த்திருக்கியா?"

இவள் டிபன் பாக்ஸை மூடினாள். தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அந்த அக்காவுக்குப் பயிற்சி விட்டுப்போகுது இல்ல? போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாயேன். அக்காவைத்தான் சொன்னேன்."

அக்காவைத்தான் பார்க்கப் போகிறேன் என்று தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டுதான் போனாள். சாயங்காலம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் வீடு. மணியடிக்கக் கையைத் தூக்கியவள், ஜன்னல் வழியாக வந்த சத்தத்தில் அப்படியே நின்றாள்.

"டிரைவர் அக்கா, பின் சீட்டுல ஒருத்தர் குறட்டை விடுறாரு. நான் இன்ஜின்தான் போச்சுன்னு நினைச்சுட்டேன்," என்றது கண்டக்டர்.

அக்கா சிரித்தாள். வயிறு குலுங்கும் சிரிப்பு. அதோடு, "கு... குற... குற..." என்று அவளாகவே அந்தச் சொல்லைப் பிடிக்க முயன்றாள். யாரும் கேட்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல்.

வெளியே நின்றவள் தூக்கிய கையை இறக்கினாள். தன் வகுப்பில் அக்கா ஒருநாளும் சிரித்ததில்லை. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டி, நாற்காலி, ஜன்னல், சீப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தோமே... இந்தப் பெண்ணுக்கு யார் ஒரு பஸ்ஸைக் கொடுத்தார்கள்? அவன்தான் கொடுத்திருக்கிறான். ஊரையே திட்டி ஓட்டவைத்தவளுக்கு ஓட்ட ஒரு வண்டியும், பேச்சுத் துணைக்கு ஒரு ஆளும்.

கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்துத் திகைத்தான். தோளில் சமையலறைத் துண்டு.

"உள்ள வரலாமான்னு..."

"வாங்க," என்றான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கா அவளைப் பார்த்து இடது கையால் நாற்காலியைக் காட்டினாள். விளையாட்டு நிற்கவில்லை. திரையில் பாதை பிரிந்தது. இடது பக்கம் மண்சரிவு, வலது பக்கம் பழைய பாலம். அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். உதடு குவிந்தது.

"வலது பக்கம்னு சொல்ல..." என்றது கண்டக்டர்.

"அக்கா, பாலம்தானே?" என்றான் அவன், சமையலறை வாசலிலிருந்து.

"விடுங்களேன், அவங்களே சொல்லட்டும். அக்கா, மெதுவா, முதல் எழுத்தை மட்டும்..." என்றாள் இவள்.

மேசை மேல் இடது கை படார் என்று விழுந்தது. தண்ணீர் டம்ளர் உருண்டது.

"வா...யை... மூடுங்க."

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்கள் ஒவ்வொருவராக அளந்தன. தம்பியை, டேப்லெட்டை, கடைசியாக இவளை. ஆக, அன்று வாசலில் பார்த்த அந்தக் கோபம் யார் மேல் என்று இப்போது தெரிந்துவிட்டது. எல்லோர் மேலும்.

கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டது. பஸ் மழையில் நின்றது. வைப்பர் இப்படியும் அப்படியும் போய் வந்தது. அவன் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். அவன் தொண்டையில் 'பாலம்' என்ற சொல் துடிப்பதை இவள் பார்த்தாள். தன் தொண்டையிலும் அது துடிப்பது தெரிந்தது. மணிக்கணக்கில் காத்திருந்து பழகியவள்தான். ஆனாலும் அன்று அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கும் நீண்டுகொண்டே போனது.

"இ..." என்றாள் அக்கா. நின்றாள். கண்ணை மூடினாள். "இ...டது."

பஸ் இடது பக்கம் திரும்பியது. அது பாலம் இல்லை, மண்சரிவு. அங்கே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறாள். கண்டக்டரோடு சேர்த்து மூன்று பேர் ஊகித்ததும் தப்பு.

"நான்... நான்தான்..." அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னாள். சொற்கள் ஒவ்வொன்றாக, கல்லைப் புரட்டுகிற மாதிரி. "ஓட்...டுறேன்."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான். குழாயைத் திறந்துவிட்டான், அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இவளும் போய் வாசலில் நின்றாள்.

"எனக்கு வேலை குறையும்னு பயம் இருந்துச்சு," என்றாள். "அது நிஜம். ஆனா நான் சொன்னதும் நிஜம்."

"ரெண்டுமே நிஜம்தான்," என்றான் அவன், குழாயைப் பார்த்தபடி. "அக்காதான் என்னை வளர்த்தா. அவ ஒரு சொல்லுக்குத் தவிக்கிறதைப் பார்த்தா எனக்குக் கோபம் வருது. யார் மேல காட்டுறதுன்னு தெரியலை. அதான் ஒரு கண்டக்டரைப் பண்ணி, அவ பேச வேண்டியதை எல்லாம் அதைப் பேச வச்சுட்டேன்."

"அது நல்லா பேசுது. அக்கா சிரிக்கிறாங்க. என்கிட்ட சிரிச்சதே இல்ல." அதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. "கொஞ்சம் பொறுக்க மட்டும் கத்துக்குடுங்க."

கத்துக்கொடுத்தார்கள். இரண்டு பேருமாக. மறுநாளே அக்கா மையத்துக்கும் திரும்பி வந்தாள்.

வகுப்பு முடிந்த சாயங்காலங்களில் அக்கா வீட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். எப்போது பேச வேண்டும் என்பதை அவன் கண்டக்டருக்குச் சொன்னான், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை அவள் சொன்னாள். உதடு அசைந்துகொண்டிருந்தால் பேசாதே. முயற்சி நின்று, கையைத் தூக்கி உதவி கேட்டால் மட்டும் முதல் ஓசையைக் கொடு, முழுச் சொல்லைக் கொடுக்காதே. தப்பான வழியைச் சொன்னாலும் அந்த வழியிலேயே போ. இதற்கெல்லாம் சண்டை வராத நாள் இல்லை.

"இவ்வளவு நேரம் சும்மா இருந்தா, கேம் நின்னுபோச்சுன்னு நினைச்சுடுவாங்க," என்பான்.

"மழைச் சத்தம் போடுங்க. பஸ் நிக்குதுன்னு தெரியும்."

"மழையை எவ்வளவு நேரம் கேப்பாங்க?"

"நல்லா இருந்தா எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேக்கலாம்."

ஜன்னலுக்கு வெளியேயும் மழை பெய்துகொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான், என்னவோ நினைத்துக்கொண்டு மூடினான். அவன் கண்கள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றன. அந்த இடம் அவள் முகமாக இருந்தது. அவள் அவசரமாக டேப்லெட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலால் அவனைக் காட்டினாள். அவளைக் காட்டினாள்.

"எ...ப்போ?" என்றாள்.

"என்னக்கா எப்போ? மாத்திரையா?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

ஒரு காலை அவள் மையத்துக்குப் போனபோது பயிற்சி அறையில் ஒரே ரகளை. டேப்லெட்டுகள் எல்லாம் வெறும் கறுப்பாக இருந்தன. தையல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், கண்டக்டரோடு பேசிப் பேசித்தான் மனைவி பெயரைத் திரும்பப் பிடித்தவர், டேப்லெட்டை விரலால் குத்திக்கொண்டு, "எங்க... எங்க..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் தோளைக் குலுக்கினார். "அவர்தான் எடுத்துட்டுப் போனார். ஸ்பீச் வகுப்பைக் குறைச்சா கண்டக்டர் கிடையாதுன்னு சொன்னார். சரி, எடுத்துக்குங்கன்னுட்டேன். வகுப்பு குறையறது குறையறதுதான்."

அவன் வேலை செய்யும் இடம் ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்தது. படிக்கட்டெல்லாம் மை வாசனை. அவள் கதவைத் தள்ளிய வேகத்தில், உள்ளே இருந்த இரண்டு பேர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நிலைமையைப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

அவன் எழுந்தான். "உங்க வகுப்பைக் குறைக்கக் கூடாதுன்னுதான்..."

"என் வகுப்பு. என் மேனேஜர். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்காக நீங்களே பேசி, நீங்களே முடிவு பண்ணி, நீங்களே வீரமா எடுத்துட்டு வந்துட்டீங்க. அங்க ஒரு மனுஷன் பொண்டாட்டி பேரைப் பிடிச்சுக்கொடுத்த கண்டக்டரைக் காணாம டேப்லெட்டைக் குத்திக்கிட்டு இருக்கார். கண்டக்டர் மாறிடுச்சு. நீங்க மாறவே இல்ல."

அவன் முகம் வெளிறியது. "இப்ப என்ன பண்ணணும்?" என்று மட்டும் கேட்டான்.

"என்னோட வாங்க. நான் பேசுவேன். நீங்க சும்மா இருக்கணும்."

மேனேஜர் அறையில் அவன் சும்மாதான் இருந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது. அவள் பேசினாள். கண்டக்டரும் வேண்டும், வகுப்பும் வேண்டும். காலையில் தான் சொல்லிக்கொடுப்பதைச் சாயங்காலம் கண்டக்டர் கதையில் போட்டுப் பழக்கட்டும். யாருக்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைத் தான் சொல்ல, அவன் மாற்றுவான். அது பேசி இவர்கள் வெறும் தலையாட்டுவதென்றால் அது சிகிச்சை இல்லை, பொழுதுபோக்கு. "வேணும்னா நீங்களே அந்தத் தையல்காரர்கிட்ட போய், கண்டக்டர் ஏன் வரலைன்னு சொல்லுங்க சார்," என்று முடித்தாள்.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கடைசியில் இறங்கி வந்தார், சந்தோஷமாக இல்லை. கண்டக்டர் திரும்பி வரலாம். வகுப்பைப் பாதியாகக் குறைக்க மாட்டார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் குறையும். அவள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டது அவள்.

திரும்பும்போது நல்ல மழை. அவன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றான். அக்காவின் டிரைவிங் ஸ்கூல் கார் அது. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. அவள் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. அவன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னான். "நாளையிலேருந்து அக்காவைச் சித்தப்பா கூட்டிட்டு வருவார். சொல்லிட்டேன்."

"ஏன்? நீங்க?"

"நான் வரலை. அக்கா உங்க பேஷன்ட். மனசுல வேற ஒண்ணை வச்சுக்கிட்டு நான் தினம் அங்க வந்து நிக்கிறது சரியில்ல. உங்களுக்குத்தான் சங்கடம். அதனால நானே..."

அவள் காலை ஓங்கி பிரேக்கில் வைத்தாள்.

கார் தூக்கிப் போட்டு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக ஹாரன் அடித்தன. கண்ணாடியில் மழை வழிந்தது.

"எனக்குச் சங்கடம்னு யார் சொன்னது?"

"இல்ல..."

"நான் சொன்னேனா? என் வாயால சொன்னேனா? மனசுல என்னவோ இருக்குன்னீங்களே, அதை என்கிட்ட சொன்னீங்களா? சொல்லாமலே, அதுக்கு நான் என்ன பதில் சொல்வேன்னும் நீங்களே முடிவு பண்ணி, சித்தப்பாவுக்குச் சொல்லி முடிச்சாச்சு."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

"எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம்," என்றாள். குரல் நடுங்கியது. அவளுக்கே அது பிடிக்கவில்லை. "இது போனதுக்கு அப்புறம் நிதானமாச் சொல்லலாம்னு இருந்தேன். இது போற மாதிரி தெரியலை. அதனால இப்பவே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அக்காவுக்கு வகுப்பு எடுக்க நான் வெளியிலேருந்து வேற ஆளை ஏற்பாடு பண்ணிக்கிறேன், அது என் கவலை. நீங்க தினமும் வரணும். சித்தப்பா வர வேணாம்."

அவன் திரும்பினான். வாய் திறந்தது. சொல் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. அவள் பேசவில்லை. தலையை ஆட்டவில்லை. அவன் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரமானாலும் சரி என்று.

"எனக்கு..." என்றான் கடைசியில். "அக்கா நம்மளைக் காட்டி எப்போன்னு கேட்டாளே... அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. பயந்துட்டு மாத்திரைன்னேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

"அதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டு அவள் மெதுவாகக் காலை எடுத்தாள். வண்டி நகர்ந்தது.